அம்மா தாண்டிய வரிசைகள்

கம்பெனி வேனில் ஏறுவதற்காக அம்மா வலது காலைத் தூக்கப் பார்த்தாள். கால் வரவில்லை. இடது காலைத் தூக்கப் பார்த்தாள். அதுவும் வரவில்லை. கையில் தூக்குவாளி, பின்னால் ஏறக் காத்திருந்த நாலைந்து பெண்கள். "ஏக்கா, வேனுக்குக் கும்பிடு போட்டுட்டா ஏறுவ? நேரமாகுதுல்லா" என்று ஒருத்தி முதுகில் தட்டியதும் அப்படியே முன்னால் சாய்ந்து வேனுக்குள் கையூன்றிக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். சாயங்காலம் என்னிடம் சொன்னபோது அம்மாவும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"காலுக்குக் கோந்து தடவி ஒட்டுன மாதிரி இருந்துச்சுலே."

அப்போது நான் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான்தான். என்ன படிக்கிறான் என்று யாராவது கேட்டால் அம்மா "கம்ப்யூட்டருக்குப் படிக்கான்" என்பாள், ஏதோ கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டதால் நான் படிப்பதுபோல. அப்பா நான் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அக்காவை ஆனைக்குட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். வீட்டில் நானும் அம்மாவும்தான்.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் அம்மாவுக்கு வேலை. தரைச்சக்கரம் காயப்போடுகிற வேலை. சிமெண்ட் போட்ட பெரிய களத்தில் சாக்கை நீள நீளமாக விரித்து, அதன்மேல் ஈரச் சக்கரங்களைப் பரப்புவார்கள். வெயில் ஏற ஏறத் திருப்பிப் போட வேண்டும். அதற்கு வரிசைகளைத் தாண்டித் தாண்டித்தான் போக வேண்டும். காய்கிற சரக்கை மிதித்துவிட்டால் போர்மேன் வாயில் வருவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. கால் உரசினால் என்ன ஆகும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அதனால் களத்துப் பெண்கள் காலைக் கொக்குப்போல உயர்த்தி உயர்த்தி வைப்பார்கள். ரோட்டில் நடந்து வரும்போதுகூட அந்த நடை அவர்களை விட்டுப் போகாது. தூரத்தில் வருகிற ஒரு பெண்ணைப் பார்த்து, இவள் களத்தில் வேலை செய்கிறவள் என்று நான் சொல்லிவிடுவேன்.

அந்த நடைதான் அம்மாவிடம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் அடி குட்டையானது. பிறகு பாதம் தரையில் இழுபட்டது. வாசற்படி, கதவு நிலை, பாத்ரூம் மறைப்பு, இப்படி இடம் குறுகுகிற எல்லா இடத்திலும் நின்றுவிடுவாள். மதுரையில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு நடுக்குவாதம் என்றார். அம்மாவின் கை அவ்வளவாக நடுங்கவில்லையே என்று கேட்டேன். எல்லாருக்கும் கைதான் நடுங்க வேண்டும் என்றில்லை, சிலருக்குக் கால் உறைந்துவிடும் என்றார். மாத்திரை எழுதிக்கொடுத்தார். குணமாகுமா என்று கேட்டதற்கு, "தள்ளிப் போடலாம்" என்றார்.

பாதம் இழுபட ஆரம்பித்த மாதமே போர்மேன் அம்மாவை நிறுத்திவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வெடிமருந்து புழங்குகிற இடத்தில் காலை இழுத்து நடக்கிறவரை எப்படி வைத்திருப்பார்? "குணமாயி வாங்கக்கா. உங்க எடம் எங்கயும் போயிராது" என்றுதான் சொல்லி அனுப்பினார்.

அம்மா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் வேன் வருகிற நேரத்துக்கு எழுந்து தலைசீவிப் பூ வைத்துக்கொள்வாள். அரசு கொடுத்த கலர் டிவி வீட்டில் இருந்தது. அதைப் போடவே மாட்டாள். "டிவி பாக்கவா நான் வீட்ல இருக்கேன்? சீக்குன்னு இருக்கேன்" என்பாள். முப்பது நாற்பது பெண்களோடு வாயடித்துக்கொண்டு வெயிலில் நின்றவளுக்கு எங்கள் ஓர் அறை வீடு ஒத்துக்கொள்ளவில்லை. என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எப்படியாவது வேன் ஏற வச்சிருலே."

மதுரை ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் தரையில் சாக்பீஸால் குறுக்குக் கோடுகள் போட்டாள். "கோட்டைத் தாண்டித் தாண்டி வாங்கம்மா." ஆணி அடித்ததுபோல நின்ற அம்மா, கோட்டைக் கண்டதும் காலைத் தூக்கினாள். மூளைக்குள் ஒரு வழி அடைபட்டால் கண் வேறு வழி காட்டும் என்று அந்தப் பெண் எனக்கு விளக்கினாள். வீட்டுக்கு வந்து தரை முழுக்கக் கோடு போட்டேன். சில வாரம் நன்றாக இருந்தது. பிறகு கோடு கண்ணுக்குப் பழகிவிட்டது. கோட்டின்மேலேயே நிற்க ஆரம்பித்தாள்.

சிவகாசி ப்ரௌசிங் சென்டரில் உட்கார்ந்து தேடியபோது, வெளிநாடுகளில் ஒரு கண்ணாடிக்குள் கோடு காட்டி இப்படிப்பட்டவர்களை நடக்க வைத்துப் பார்க்கிறார்கள் என்று படித்தேன். படித்ததும் எனக்கு எங்கள் கல்லூரி ஆய்வகத்துப் பீரோதான் ஞாபகம் வந்தது. தலையில் மாட்டிக்கொள்கிற கணினித் திரை ஒன்று அதில் பூட்டிக் கிடந்தது. ஹெல்மெட் மாதிரி கனம். கண்ணுக்கு நேராக இரண்டு குட்டித் திரை. மாட்டிக்கொண்டால் சுற்றியிருப்பது மறைந்து, கணினி காட்டுகிற இடத்துக்குள் போய்விடுவோம். தலையைத் திருப்பினால் அந்த இடமும் திரும்பும், கொஞ்சம் தாமதித்து. பார்வையிட யாராவது வரும்போது மட்டும் அதை வெளியே எடுத்துத் துடைப்பார்கள். கடைசி ஆண்டுப் புராஜெக்ட்டுக்கு அதைத்தான் கேட்டேன். எங்களுக்கு வழிகாட்டிய மேடம் சனிக்கிழமைகளில் ஆய்வகத்தைத் திறந்துவிடச் சம்மதித்தார்.

என்னோடு சேர்ந்து புராஜெக்ட் செய்தவன் சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிற வீட்டுப் பையன். படம் வரைவதும் ஒட்டுவதும் அவன் வேலை, புரோகிராம் என் வேலை. முதல் சனிக்கிழமை அம்மாவை ஆட்டோவில் கூட்டி வந்தோம். ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னதும், அம்மா சேலையில் குத்தியிருந்த ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் உருவி என் கையில் கொடுத்தாள். கம்பெனிக்குள் போகும்போது உடம்பில் இரும்பு எதுவும் இருக்கக் கூடாது, பொறி தட்டும். அந்தப் பழக்கம். பிறகு கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, சோதனை போடச் சொல்லி வாட்ச்மேன் முன்னால் நின்றாள். அவர் பதறிப்போய் என்னைப் பார்த்தார்.

"இங்க அதெல்லாம் இல்லம்மா" என்றேன்.

"தீப்பெட்டி கீப்பெட்டி பாக்க மாட்டீகளா? என்ன கம்பெனி இது" என்றாள்.

நண்பன் நாற்காலியை இழுத்துப் போட்டான். உட்கார மறுத்துவிட்டாள். "முதலாளி வீட்டுப் புள்ள நிக்கும்போது நான் எப்படி உக்கார. நீங்க சாப்பிட்டீகளா தம்பி?"

"நான் முதலாளி இல்லம்மா. இவன்தான் எனக்கு முதலாளி. சனிக்கிழமை லீவு கேட்டாக்கூடத் தர மாட்டேங்கான்."

"அவன் அப்படித்தான். வீட்ல என்னையும் அந்தப் பாடுதான் படுத்துதான்."

அம்மாவின் கணுக்காலில் சிவப்பு ரிப்பன் கட்டினேன். கால் உயர்வதை வெப்கேமரா அந்தச் சிவப்பை வைத்துக் கண்டுபிடிக்கும். கால் உயர்ந்தால் திரைக்குள் தரை நகரும். மேசைகளை ஒதுக்கி நீளமாக இடம் விட்டிருந்தோம். நண்பன் பின்னால் இரண்டு கைகளையும் விரித்து வருவான், விழுந்தால் பிடிக்க. நான் அம்மா தலையில் மாட்டிய திரையின் ஒயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில். திரைக்குள் சாம்பல் நிறத் தரை, குறுக்கே வெள்ளைக் கோடுகள்.

அம்மா நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"என்னம்மா தெரியுது?"

"ரோடு தெரியுது. என்னை எதுக்குலே நடுரோட்டுல நிப்பாட்டி வச்சிருக்க? பஸ்சு வந்துரப் போகுது."

கோட்டை மஞ்சளாக்கினேன், தடிமனாக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மூன்று சனிக்கிழமை அப்படியே போனது. ஆட்டோவில் திரும்பும்போது அம்மாதான் எனக்கு ஆறுதல் சொன்னாள். பிறகு ஒரு நாள் வீட்டில் அவள் கம்பெனிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். யாரோ புதிதாக வந்த பெண் வரிசையை மிதித்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட கதை. சொல்லிக்கொண்டே எழுந்து, அந்தப் பெண் எப்படி நடந்தாள், எப்படி நடந்திருக்க வேண்டும் என்று நடித்துக் காட்டினாள். "இப்படி வைக்கணும்ல காலை!" அவள் கால் முழங்கால் உயரம் எழும்பி, இல்லாத ஒரு வரிசையைத் தாண்டி இறங்கியது. அது நடந்தது அவளுக்குத் தெரியாது. மறுநாளே நண்பனிடம் போய்ச் சொன்னேன்.

நண்பன் தெரிந்த கம்பெனியொன்றில் அனுமதி வாங்கிக் களத்தைப் படமெடுத்து வந்தான். கோடுகளை அழித்துவிட்டுச் சாக்கு வரிசைகளை வைத்தோம். சாக்கின்மேல் சக்கரங்கள். தூரத்தில் வேப்பமரம், ஓரத்தில் வேலை நடக்கிற கொட்டடி, மேலே வெளுத்த வானம்.

ஒரு சனிக்கிழமை அதை அம்மாவுக்கு மாட்டிவிட்டோம். தலையை மெதுவாக இடமும் வலமும் திருப்பினாள். "ஆத்தாடி" என்றாள். அப்புறம், "சரக்கை இம்புட்டு நெருக்கி வச்சா எப்படிக் காயும்? எவ வச்சது?" என்றாள். நண்பன் பின்னாலிருந்து, "நான்தாம்மா" என்றான். "அதான பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டே அம்மா காலைத் தூக்கி முதல் வரிசையைத் தாண்டினாள்.

தாண்டினாள். அடுத்ததைத் தாண்டினாள். கொக்கு நடை. ஆய்வகத்தின் அந்தக் கோடிவரை போய்விட்டாள். சுவர் வந்துவிட்டது என்று நான் தோளைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. ஓரமாக உட்கார்ந்திருந்த மேடம் எழுந்து நின்று கை தட்டினார்.

அந்த மாதங்கள் எனக்கு மிகவும் நல்லவையாக இருந்தன. அந்தத் திரைக் கண்ணாடியைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரத்துக்கு அம்மாவின் அடி நீளமாக இருக்கும். ஆட்டோவில் அவளாகவே ஏறிய நாளும் உண்டு. மறுநாள் காலையில் பழையபடி குறுகிவிடும். குறுகினால் என்ன, சனிக்கிழமை வரும் என்று நினைத்தேன். வாரத்தில் ஒரு நாள் நீள்வது எல்லா நாளும் நீளும் என்று நம்பினேன். அம்மா என்னைவிட அதிகமாக நம்பினாள்.

ஒரு நாள் கேட்டாள். "ஏலே, அங்கன ஆளுக யாரையும் காணோமே."

"எங்கனம்மா?"

"களத்துலதான். சரக்கு காயுது, ஒருத்தியும் இல்ல. எல்லாரும் சாப்பிடப் போய்ட்டாளுகளா?"

ஆட்களை வரைவது கஷ்டம், கணினி திணறும் என்று சொன்னேன். சரி என்றாள். அடுத்த வாரமும் கேட்டாள்.

பிறகு அந்த மழை. வெளுத்த வானம் அம்மாவின் கண்ணைக் கூசச் செய்கிறது என்று நண்பன் வானத்தின் படத்தை மாற்றியிருந்தான். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று, மேகம் மூடியிருந்த ஒரு நாளில் எடுத்த படத்தை வைத்துவிட்டான். என்னிடமும் காட்டினான். நன்றாக இருக்கிறது என்றேன். இரண்டு பேருமே வானத்தை வானமாக மட்டும்தான் பார்த்தோம்.

அம்மா மாட்டிக்கொண்டாள். தலையை நிமிர்த்தினாள்.

"மழை வருதுடீ!"

அப்படி ஒரு குரலை நான் அவளிடம் அதற்கு முன் கேட்டதில்லை. களத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கேட்கிற குரல். காய்கிற சக்கரம் நனைந்தால் அத்தனை பேருடைய கூலியும் போகும். அதோடு, நனைந்த மருந்து உள்ளுக்குள்ளேயே சூடேறித் தீப்பிடிக்கும். மேகம் கறுத்தால் யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் கத்த வேண்டும், கத்தியதும் எல்லாரும் ஓட வேண்டும். அம்மா ஓடினாள். நடக்கவே முடியாதவள் ஓடினாள். நான் ஒயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஓடியவள் சட்டென்று குந்தி, முந்தானையை ஒரு கையால் விரித்து, மறு கையால் தரையிலிருந்து அள்ளினாள். அள்ளி அள்ளி மடியில் போட்டாள்.

"ஓடிட்டாங்கடா! ஓடிட்டாங்க!" என்று நண்பன் கத்தினான். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆபத்து என்று மனசுக்குப் பட்டால் இந்த நோய்க்காரர்கள் சிலர் திடீரென்று ஓடுவது உண்டு, ஆனால் அது நிலைக்காது என்று மதுரை டாக்டர் பின்னால் ஒரு நாள் சொன்னார். அன்று எனக்கு அது தெரியாது. அம்மா குணமாகிவிட்டாள் என்றே நினைத்தேன்.

அம்மா இன்னும் அள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "கைக்கு ஒண்ணும் சிக்க மாட்டேங்குதே" என்றாள். "எல்லாம் நனையப் போகுதே. ஏடி, எங்கடி போனீக எல்லாரும்?"

நண்பன் அவசரமாகக் கண்ணாடியைக் கழற்றினான். அம்மா ஆய்வகத்தைப் பார்த்தாள். மேசைகளை, எங்களை, தன் வெறும் மடியை. எழுந்திருக்க முயன்றாள், கால் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். அன்று மறுக்காமல் உட்கார்ந்தாள். நண்பன் காலடியில் குந்தி, "நீங்க ஓடுனீகம்மா, தெரியுமா? ஓடுனீக" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

"சரக்கை எடுக்க முடியலயே தம்பி" என்றாள் அம்மா.

அதன்பின் புராஜெக்ட் முடிந்துவிட்டது. நல்ல மதிப்பெண் போட்டார்கள். கண்ணாடி பீரோவுக்குள் போய்விட்டது. ஆனால் அம்மா ஓடியதை நான் பார்த்துவிட்டேன் அல்லவா? நேராகப் போர்மேனிடம் போனேன். தீபாவளி சீசன் ஆரம்பித்து ஆள் பற்றாத நேரம். லேபிள் ஒட்டுகிற கொட்டடியிலாவது உட்கார வையுங்கள் என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "உக்கார வைக்கிறது பெருசில்ல தம்பி. வேன்ல அவுகளா ஏறி அவுகளா எறங்கணும். அம்புட்டுத்தான். திங்கக்கிழமை வரச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மா பக்கத்து வீடுகளிலெல்லாம் ஆளனுப்பி, வேலைக்குப் போகப்போவதைச் சொன்னாள். ஆய்வகத்தில் மழைக்கு ஓடிய கதை ஏற்கெனவே ஊர் முழுக்கப் போயிருந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் நான் சாக்கை நீளப் பட்டைகளாக வெட்டி, அதில் அட்டைச் சக்கரங்களை ஒட்டி, வேன் நிற்கிற இடத்தில் ரோட்டுக்குக் குறுக்கே விரித்தேன். அம்மா புதுச் சேலையில் வந்து நின்றாள். வேன் வந்தது. முன் சீட்டில் போர்மேன். சன்னல் முழுக்கப் பெண்கள்.

அம்மா முதல் வரிசையைத் தாண்டினாள். வேனுக்குள் ஒரே கூச்சல். "மகாராணி வாரா, வழி விடுங்கடீ!" "ஏ மதினி, நிறுத்தாம வா!" அம்மா சிரித்துக்கொண்டே அடுத்ததைத் தாண்டினாள். அதற்கடுத்ததையும். எல்லா வரிசையும் முடிந்து வேன் கதவு வந்தது. குறுகலான கதவு, ஒரு படி.

அங்கே நின்றுவிட்டாள்.

கதவருகே இருந்தவள் கையை நீட்டினாள். போர்மேன், "பிடிக்காத தாயி. அவுகளா ஏறட்டும்" என்றார். டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டார். அம்மாவின் முழங்கால் மட்டும் துடித்தது. பாதம் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளேயிருந்து ஒருத்தி கத்தினாள்.

"மழை வருதுக்கா! ஓடியா!"

உடனே வேன் முழுக்க அந்தக் குரல் எழும்பியது. "மழை! மழை! ஓடியா, ஓடியா!" முதலில் சிரிப்போடு கத்தினார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சிலர் அழுதுகொண்டே கத்தினார்கள்.

அம்மா தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாள். ஒரு துண்டு மேகம் இல்லை.

"ஏன்டி பொய் சொல்லுதீக" என்றாள்.

போர்மேன் இறங்கி வந்தார். குரலைத் தாழ்த்தி, அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் கேட்கிற மாதிரி பேசினார். "அக்கா, மனசுல வச்சுக்காதீக. உள்ள ஒண்ணு ஆச்சுன்னா உங்களைத் தூக்க ஒருத்தி திரும்பி உள்ள ஓடுவா. இவளுக ஓடுவாளுக, எனக்குத் தெரியும். அப்புறம் ரெண்டு பேரும் வர மாட்டீக."

"நெசந்தான்" என்றாள் அம்மா. "நீங்க போங்க. வெயில் ஏறுது. சரக்கு வெளிய போடணும்."

வேன் புறப்பட்டது. சன்னலில் இருந்த ஒருத்தியும் கையசைக்கவில்லை. நான் சாக்குப் பட்டைகளைச் சுருட்டினேன். "வாம்மா, போலாம்" என்றேன். அம்மா வீட்டுப் பக்கம் திரும்பப் பார்த்தாள். அவளால் திரும்ப முடியவில்லை. இந்த நோயில் திரும்புவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். வேன் போய்விட்ட ரோட்டைப் பார்த்தபடி, இல்லாத கதவுக்கு முன்னால் நின்றாள்.

"தூக்கட்டுமா?"

"வேணாம். வீட்டுக்கு வீடு பாத்துக்கிட்டு நிக்காக."

"அப்ப என்னம்மா செய்ய?"

"நில்லு. தானா வரும்."

நின்றோம். வெயில் ஏறியது. அவள் முகத்தில் வெயில் விழாதபடி நான் கொஞ்சம் நகர்ந்து நின்றேன். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து நின்றார். ஆடுகள் எங்கள் இரண்டு பக்கமும் பிரிந்து போய்க்கொண்டிருந்தன.

"என்ன தாயி, நடுரோட்டுல நிக்க?"

"வேனுக்கு நிக்கேன் சித்தப்பா" என்றாள் அம்மா.

"வேன் இப்பத்தான போச்சு."

"இன்னொண்ணு வரும்."

பெரியவர் ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆடுகளோடு நடந்துவிட்டார். அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டாள். நானும் அவளுக்குப் பக்கத்தில், அவள் பார்த்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.